அறிக்கைப் படிவத்தில் இல்லாத ஒரு கட்டம்

மதிப்பிற்குரிய விருதுக் குழுவினருக்கு,

வணக்கம்.

ஆண்டு முடிகிறது. இளைஞர் சங்கங்களின் ஆண்டறிக்கைகள் உங்கள் மேசையில் குவியத் தொடங்கியிருக்கும். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், சுருள் கம்பி பைண்டிங். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு கோப்பை நானும் உங்களுக்கு அனுப்பினேன். நான் கோப்பு கொடுத்தேன், நீங்கள் கோப்பை கொடுத்தீர்கள். அது இன்றும் எங்கள் சங்க அலமாரியில் பளபளக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்த ஆண்டில் நான் செயலாளர். எங்கள் சங்கம் செய்ததாக அறிக்கையில் இருந்தவை 112 திட்டங்கள். பொய் எதுவும் எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் தேதி இருந்தது, படம் இருந்தது, தலைவரின் கையெழுத்து இருந்தது. ஆனால் 112 எப்படி வந்தது என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தால் எனக்குத் தொண்டை வறண்டிருக்கும். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைச் சொல்கிறேன். பதினான்கு பேர் ஒரு பள்ளிக்குப் போய் மைதானத்தைச் சுத்தம் செய்தோம். முடிந்ததும் மதிலோரம் ஐந்து மரக்கன்று நட்டோம். கை கழுவப் போன இடத்தில், குழாயடியில் நின்ற பிள்ளைகளுக்கு எங்களில் மருத்துவம் படிக்கும் ஒருத்தி கை கழுவும் முறையைச் செய்து காட்டினாள். ஐந்து நிமிடம் இருக்கும். அன்று இரவு நான் உட்கார்ந்து மூன்று அறிக்கை எழுதினேன். மைதானம் 'தூய்மை'யில் போயிற்று, கன்று 'சுற்றுச்சூழ'லில், குழாயடி 'உடல்நல'த்தில். மூன்றுக்கும் வெவ்வேறு கோணத்தில் படம் எடுக்க முன்கூட்டியே ஒரு தம்பியிடம் சொல்லி வைத்திருந்தேன். பேனர் மட்டும் ஒன்றுதான். திட்டத்தின் பெயரை எழுதாமல் சங்கத்தின் பெயரை மட்டும் அச்சடித்து வைத்துக்கொண்டால் எதற்கும் ஆகும் என்பது எனக்கு முந்தைய செயலாளர் சொல்லிக்கொடுத்தது. மினிட்ஸ் நோட்டோடும் முத்திரையோடும் சேர்ந்து கைமாறுகிற தொழில் ரகசியம் அது.

அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். மைதானம் சுத்தமானது உண்மை, பிள்ளைகள் கை கழுவியதும் உண்மை. கெட்டுப்போனது எங்கள் கண். அடுத்த வாரம் என்ன செய்வது என்று கூடிப் பேசும்போதெல்லாம், எங்கே என்ன தேவை என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எந்தத் தலைப்பில் எண்ணிக்கை குறைகிறது என்று பார்க்கத் தொடங்கிவிட்டோம். உங்கள் படிவம் எப்போதும் எங்கள் முன்னால் திறந்து கிடந்தது. அது கேட்டதை நாங்கள் செய்தோம்.

அது கேட்பவை உங்களுக்குத் தெரிந்தவைதான். திட்டத்தின் பெயர், தேதி, இடம், வந்த உறுப்பினர்கள், செலவு, உழைத்த மணிநேரம், பயனாளிகள், படங்கள். இதில் 'பயனாளிகள்' ரப்பர் மாதிரி. எவ்வளவு இழுத்தாலும் வரும். விழிப்புணர்வுப் பேரணி நடத்தினோம் என்றால் அந்தத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர் அத்தனை பேரும் பயனாளிகள். எங்களால் வண்டியோடு மாட்டிக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டியவரும் அதில் அடக்கம்.

அந்தப் படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்று உண்டு. அதே இடத்துக்கு மறுபடி போனீர்களா? என்றைக்கு? அங்கே என்ன கண்டீர்கள்? அதற்கென ஒரு கட்டத்தைச் சேருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். வேறு கோரிக்கை எதுவும் இல்லை.

அந்த ஐந்து கன்றுகளை நான் மறுபடி பார்த்தது ஒன்றரை ஆண்டு கழித்து, வேறு வேலையாக அந்தப் பள்ளிக்குப் போனபோது. கம்பிக் கூண்டுகள் ஐந்தும் நின்றன. நான்கில் காய்ந்த குச்சிகூட இல்லை, முழங்கால் உயரம் புல். ஐந்தாவதில் கன்று இருந்தது. ஆனால் சாயாமல் நிற்பதற்காக அதை ஒரு கம்போடு சேர்த்து மெல்லிய கம்பியால் கட்டியிருந்தோமே, அந்தக் கம்பி தண்டுக்குள் இறங்கியிருந்தது. தண்டு பருக்கப் பருக்கக் கட்டைத் தளர்த்திவிட ஆள் இல்லை. கம்பிக்கு மேலே பட்டை வீங்கி, கீழே சூம்பிப்போய்க் கிடந்தது. கூண்டில் கட்டிய தகடு மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. சங்கத்தின் பெயர், ஆண்டு, தலைவர் பெயர், என் பெயர். நல்ல பெயிண்ட்.

பள்ளிக் காவலாளி பக்கத்தில் வந்து நின்றார். "நட்டுட்டுப் போனீங்க. லீவு நாள்ல யாரு தண்ணி ஊத்துறதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையேம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இது எங்கள் ஒருவரின் குறை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். பிலிப்பைன்ஸில் பல பத்தாண்டுகளாக அலையாத்தி மரங்களைப் பெருமளவில் நட்டார்கள். பெரிய நிதி, ஏராளமான கைகள், எல்லாம் இருந்தன. அவற்றை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வொன்று, நீண்ட காலத்தில் பிழைத்து நின்றவை பொதுவாக 10 முதல் 20 விழுக்காடுதான் என்றது. சொன்ன காரணங்களில் இரண்டு என்னைக் குத்தின. ஒன்று, அந்த இடத்தில் இயற்கையாக வளரும் இனத்தை விட்டுவிட்டு, நடுவதற்குச் சுலபமான இனத்தை நட்டது. மற்றொன்று, மரம் வளரக்கூடிய இடங்கள் மீன் பண்ணைகளாகிவிட்டதால், யாரும் உரிமை கொண்டாடாத திறந்த கடலோரச் சேற்றில் நட்டது. எளிதாகக் கிடைத்த கன்று, ஆட்சேபம் எழாத இடம். எங்கள் பள்ளி மதிலோரமும் அப்படித் தேர்ந்தெடுத்ததுதான்.

கன்றுக்கு வாய் இல்லை. பிள்ளைகளுக்கு உண்டு.

ஒரு குழந்தைகள் இல்லத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஆங்கிலம் சொல்லித்தரும் திட்டம் ஒன்றையும் அந்த ஆண்டு எடுத்தோம். முதல் நாள் நான் போயிருந்தேன். 'மை நேம் ஈஸ்' என்று பலகையில் எழுதினேன். முன்வரிசையில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, நான் எழுதி முடிப்பதற்குள் மிச்சத்தை ஒப்பித்துவிட்டாள். பெயர், வயது, பிடித்த நிறம், எல்லாம் சரளமாக, நிறுத்தாமல். அசந்துபோய், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். பெட்டியைத் திறந்து மூன்று நோட்டுகளை எடுத்து வந்தாள். மூன்றின் அட்டையிலும் வெவ்வேறு அமைப்புகளின் சின்னம். மூன்றிலும் முதல் நான்கைந்து பக்கம் ஒரே பாடம், அழகான கையெழுத்தில். மிச்சமெல்லாம் வெள்ளைத் தாள்.

"நீங்க நாலாவது ஆளு, அக்கா" என்றாள். "இதுக்கு அடுத்து என்னன்னு மட்டும் யாரும் சொல்லித் தரல."

நாங்கள் ஆறு வாரம் போனோம். பிறகு தேர்வு வந்தது. பிறகு புதிய நிர்வாகிகளின் பதவியேற்பு வந்தது. எங்கள் சின்னம் போட்ட நான்காவது நோட்டும் அந்தப் பெட்டியில் இப்போது இருக்கும். அறிக்கையில் அது 'கல்வி', பயனாளிகள் 22. அந்தப் பிள்ளைகளின் முகங்களை அனுமதி கேட்காமல் படமெடுத்து உங்களுக்கு இணைத்து அனுப்பியதைப் பற்றித் தனியாக ஒரு மடலே எழுதலாம். இப்போதைக்கு மன்னிப்பு மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் உருப்படியாகச் செய்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பெருமை எங்களுடையது இல்லை. ரத்த வங்கி ஒன்றின் பெண் அலுவலர் எங்களைப் பிடித்து உலுக்கியதால் நடந்தது. ஜூன் 14 உலக ரத்ததான நாள். ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லேண்ட்ஸ்டைனர் பிறந்த நாள் அது, 2004இலிருந்து கொண்டாடப்படுகிறது. அன்றைக்கு நூறு யூனிட் சேர்த்துக் காட்டுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனோம். அவர் எங்களை உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நூறு பேரும் அன்னிக்கே குடுத்துட்டா, அடுத்த மூணு மாசத்துக்கு எனக்கு யார் வருவாங்க?"

நாங்கள் முழித்தோம். அவர் விளக்கினார். சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தால், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து, 35 முதல் 42 நாள் தாங்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கோ சாதாரணமாக ஐந்தே நாள் ஆயுசு. அதையும் குளிரில் வைக்க முடியாது, 20 முதல் 24 டிகிரியில் இடைவிடாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய முகாம் நடந்த வாரம் அவருடைய பெட்டிகள் நிரம்பி வழியும், சில பைகள் நாள் கடந்து வீணாகும். இரண்டு மாதம் கழித்து ஒருவர் வந்து நின்றால் பெட்டி காலி, கொடுக்கக்கூடிய எல்லோரும் சமீபத்தில்தான் கொடுத்திருப்பார்கள். "நூறு பேரோட பட்டியல் குடுங்க. நான் கூப்பிடும்போது அஞ்சு பேர் வாங்க. எனக்கு அது போதும்" என்றார்.

அப்படித்தான் அந்த நோட்டு உருவானது. பெயர், ரத்த வகை, தொலைபேசி எண், கடைசியாகக் கொடுத்த தேதி. அவ்வளவே. அழைப்பு வரும், நாங்கள் தேதியைப் பார்த்து ஐந்து பேரை எழுப்புவோம். சில நாள் நள்ளிரவில். யாருக்கும் டி-ஷர்ட் கிடையாது, பேனர் கிடையாது. அந்த நேரத்தில் படமெடுக்க யாருக்குத் தோன்றும்?

ஆண்டறிக்கை எழுதும்போது இந்த நோட்டை எந்தக் கட்டத்தில் அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தேதி என்ன போடுவது? இடம்? உழைத்த மணிநேரம்? கடைசியில் 'ரத்ததான விழிப்புணர்வு' என்று ஒரு வரி எழுதி, 112இல் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். ஆக, ஓராண்டு முழுக்கத் தூக்கம் கெட்டு நடந்த வேலைக்கு உங்கள் படிவத்தில் ஒன்று. குழாயடியில் ஐந்து நிமிடம் கை கழுவியதற்கும் ஒன்று. இந்தக் கணக்கைப் பார்க்கிற எந்தப் புதிய செயலாளரும் நோட்டைத் தொடமாட்டார், குழாயடிக்குத்தான் போவார். நானும் அப்படித்தான் போனேன்.

இளைஞர் சேவைச் சங்கங்களைத் தொடங்கிவைத்தவர்கள் இப்படி எண்ணச் சொன்னதாகத் தெரியவில்லை. 1957இல் பென்சில்வேனியாவில் அபிங்டன் உயர்நிலைப் பள்ளியின் பேஸ்பால் பயிற்சியாளர் ஜிம் கிரேவர் முயற்சியில், லயன்ஸ் சங்கத்தின் இளைஞர் பிரிவான லியோவின் முதல் சங்கம் பிறந்தது. ரோட்டரி சங்கத்தின் இளைஞர் பிரிவுகளில், 1962இல் ஃபுளோரிடாவின் மெல்போர்னில் பள்ளி மாணவர்களுக்கான முதல் இன்டராக்ட், 1968இல் வட கரோலினாவில் அவர்களைவிடப் பெரியவர்களுக்கான முதல் ரோட்டராக்ட். இன்டராக்ட் சங்கங்களிடம் எதிர்பார்க்கப்படுவது ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு திட்டங்கள்: ஒன்று தங்கள் பள்ளிக்கோ சமூகத்துக்கோ உதவ, மற்றொன்று நாடுகளுக்கிடையே புரிதலை வளர்க்க. இரண்டு! நான் அனுப்பியது 112 என்பதை நினைத்தால் இப்போது சிரிப்புத்தான் வருகிறது.

இன்னும் பின்னால் போனால், 1920இல் பியேர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் ஒரு சிறு குழுவோடு பிரான்சின் வெர்டுன் அருகே எஸ்ன் என்ற கிராமத்துக்குப் போனார். முதல் உலகப் போரில் தரைமட்டமான ஊர். குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். நேற்றுவரை அந்த ஊருக்கு எதிரிகள். குண்டு விழுந்த பள்ளங்களை மூடி, குடும்பங்கள் தங்கத் தற்காலிக வீடுகள் கட்டினார்கள். காலையில் போய்ப் படமெடுத்துக்கொண்டு மதியம் திரும்பவில்லை. குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கினார்கள். இன்றைய பன்னாட்டுத் தொண்டர் முகாம்களுக்கு அதுதான் வித்து.

படிவத்தைக் குறை சொல்கிறேனே தவிர, படிவமே வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல படிவம் என்ன செய்யும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. 1986இல் அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரையில் லிண்டா மரானிஸ் என்பவர் ஒரு துப்புரவு நாளை ஏற்பாடு செய்தார். ஏறத்தாழ 2,800 பேர் வந்தார்கள். குப்பை பொறுக்குவதில் புதுமை இல்லை. ஆனால் வந்தவர்கள் கையில் ஒரு அட்டை கொடுத்தார்கள்: என்ன பொறுக்கினாய், எத்தனை, என்று ஒவ்வொரு பொருளாகக் குறிக்க வேண்டும். அந்தக் குறிப்புகளால்தான் குப்பையில் எவ்வளவு கரையில் போட்டது, எவ்வளவு கப்பலிலிருந்து வந்தது என்று பேச முடிந்தது. பின்னாளில் அது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவி, ஆண்டுதோறும் நடக்கும் பன்னாட்டுக் கடற்கரைத் துப்புரவாக வளர்ந்தது. அந்த அட்டை தொண்டரைக் குனிந்து பார்க்க வைத்தது. உங்கள் படிவம் எங்களைக் கேமராவைப் பார்க்க வைத்தது.

சரி, கட்டம் சேர்த்தால் அதையும் பொய்யாக நிரப்பமாட்டார்களா என்று உங்கள் குழுவில் ஒருவராவது கேட்பார். நிரப்புவார்கள். நான் செயலாளராக இருந்த ஆண்டில் இந்தக் கட்டம் இருந்திருந்தால் நானே முயன்று பார்த்திருப்பேன். ஆனால் மறுபடி போனதற்குப் படம் கேளுங்கள். படத்துக்காகவாவது போவார்கள். போனால் அந்தக் காவலாளி வாயைத் திறப்பார்.

இதில் மிக முக்கியமானது மதிப்பெண். பட்டுப்போன கன்றை 'பட்டுப்போயிற்று' என்று எழுதுகிறவருக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறையக் கூடாது. குறைத்தால், அடுத்த ஆண்டிலிருந்து எல்லாக் கன்றும் அறிக்கையில் செழித்து வளரும். போனதற்கு மதிப்பெண், கண்டதை எழுதியதற்கு மதிப்பெண், ஏன் அப்படி ஆயிற்று என்று இரண்டு வரி எழுதினால் இன்னும் கொஞ்சம். அதோடு, முந்தைய நிர்வாகத்தின் திட்டத்தைப் போய்ப் பார்க்கிற புதிய நிர்வாகத்துக்கே அந்த மதிப்பெண் சேர வேண்டும். இப்போது நிலைமை தலைகீழ். எங்கள் பதவி ஓராண்டு. முன்னவர் தொடங்கியதை நடத்தினால் 'புதுமை' என்ற தலைப்பில் எங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, அதையே வேறு பெயர் சூட்டி மறுபடி திறந்துவைத்த சங்கங்களை எனக்குத் தெரியும். எங்கள் சங்கம் உட்பட.

சிறிய சங்கங்களுக்கு இது பாரம் என்றும் சிலர் சொல்வார்கள். எட்டுப் பேர் மட்டும் உள்ள சங்கம் ஆண்டுக்கு நான்கு வேலை எடுத்து, நான்கு இடத்துக்கும் மறுபடி மறுபடி போய் வந்தால், நூறு பேர் உள்ள சங்கத்தோடு முதன்முறையாகச் சரிக்குச் சமமாக உங்கள் முன் நிற்கும். பாரம் பெரிய சங்கங்களுக்குத்தான்.

இத்துடன் என் அந்த ஆண்டறிக்கையின் நகல் ஒன்றை இணைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து நானே ஒரு கட்டம் வரைந்தேன். பழைய உறுப்பினர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு, கடந்த இரண்டு மாதம் வார இறுதிகளில் அந்த இடங்களுக்கெல்லாம் போய்வந்தோம். சில திட்டங்களை எங்கே செய்தோம் என்பதே எங்கள் மூவருக்கும் நினைவில்லை. படத்தில் பேனருக்குப் பின்னால் இருக்கும் சுவரை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கப் பார்த்தோம், முடியவில்லை. 112 கட்டங்களில் சொல்லும்படியாக ஏதாவது எழுத முடிந்தது மூன்றில்தான்.

ஒன்று ரத்த நோட்டு. எங்களுக்குப் பின் வந்த ஒரு தம்பி அதைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறான்; சங்கம் மறந்துவிட்டது, அவன் மறக்கவில்லை. இன்னொன்று அந்த ஐந்தாவது கன்று. கட்டுக்கம்பியை அறுத்துவிட்டோம், பிழைக்குமா என்று அடுத்த மழைக்குப் பிறகு தெரியும்.

மூன்றாவது, வரிசை எண் 37, குழந்தைகள் இல்லம். அந்தக் கட்டத்தில் நான் எழுதியிருப்பதை நீங்கள் சிரமப்பட்டுத் தேட வேண்டாம், இங்கேயே தருகிறேன்:

'மறுபடி போன நாள்: போன சனிக்கிழமை. கண்டது: முதல் பாடத்தை இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு அவளே நடத்துகிறாள். இரண்டாம் பாடத்துக்கு ஆள் தேவை. மாலை நான்கு மணி.'

இப்படிக்கு,
உங்கள் கோப்பை பெற்ற சங்கத்தின் முன்னாள் செயலாளர்